சிறு கம்பெனியில் வேலை: சேரும் முன், இருக்கும்போது, விலகும்போது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் கம்பெனிகளைப் பற்றிய பக்கம் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் யூனிட், திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸ், கோவையில் ஒரு பம்ப் டீலர், வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் இயங்கும் சாஃப்ட்வேர் கம்பெனி என எதுவாகவும் இருக்கலாம். இங்கெல்லாம் ஹெச்.ஆர். என்று தனியாக யாரும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். இருந்தால் அவரே அக்கவுன்ட்ஸும் பார்ப்பார். முதலாளியின் குணமும் அவருடைய வங்கிக் கணக்கின் நிலையும்தான் அந்த இடத்தின் நடைமுறையைத் தீர்மானிக்கின்றன. அதனாலேயே, எழுத்தில் வாங்கி வைக்க வேண்டியவை பெரிய கம்பெனியைவிட இங்கே அதிகம். சட்ட விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

சேருவதற்கு முன்பே ஒரு கம்பெனியின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அதுவும் வீட்டில் உட்கார்ந்தபடியே. பி.எஃப். இணையதளத்தில் ‘எஸ்டாபிளிஷ்மென்ட் சர்ச்’ என்ற பக்கம் இருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் மாதவாரியாகப் பணம் கட்டிய விவரம் வரும்: எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை பேருக்கு. ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதமும் 12, 14, 15 என்று தேதி வரிசையாக இருந்தால் அங்கே சம்பளமும் பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதப் பணத்தை ஒரே நாளில் மொத்தமாகக் கட்டியிருந்தால் அங்கே பண நெருக்கடி. ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். போன வருடம் 34, இப்போது 21 என்றால், ‘கம்பெனி வளர்ந்துகொண்டிருக்கிறது’ என்று இன்டர்வியூவில் சொன்னதற்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஜி.எஸ்.டி. எண் பெயர்ப் பலகையிலோ பில்லிலோ இருக்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், ரிட்டர்ன் எந்தெந்தத் தேதியில் தாக்கலானது என்ற பட்டியல் கிடைக்கும். பிரைவேட் லிமிடெட் என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த வருடத்துப் பேலன்ஸ் ஷீட் தாக்கலானது என்று பார்க்கலாம்.

இன்டர்வியூவில் நாம் என்ன கேட்க வேண்டும்?

இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எத்தனை நாள் இருந்தார், ஏன் போனார்? கடந்த மூன்று மாதமும் சம்பளம் எந்தத் தேதியில் போட்டீர்கள்? நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன், அந்த ஒருவரிடம் மட்டும்தானா? இந்த மூன்றும் போதும். பதிலைவிடப் பதில் சொல்லும் விதம் முக்கியம். ‘ஐந்தாம் தேதி’ என்று உடனே சொல்பவர் வேறு, ‘அதெல்லாம் கரெக்டா வந்துடும்பா’ என்பவர் வேறு. முன்பு இருந்த நான்கு பேரையும் ‘சரியில்லாதவர்கள்’ என்று ஒருவர் திட்டினால், ஐந்தாவதாக வருபவரையும் அப்படித்தான் சொல்வார்.

வருடத்துக்கு 3 லட்சம் என்கிறார்கள். கையில் எவ்வளவு வரும்?

மாதத்துக்கு 25,000 என்று நினைத்துப் போய் முதல் மாதமே ஏமாறுபவர்கள் ஏராளம். ஒரு கணக்கு: அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,500. விலகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், ஏறத்தாழ 601. இந்த இரண்டும் அந்த 25,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதி 22,899. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,500 போனால் 21,399. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி 1,250 ரூபாய் வரை பிடிப்பார்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம் பிடித்து, கம்பெனி 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ‘கம்பெனி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறோம்’ என்று சேர்ந்த பிறகு சொன்னால் அது தவறு. ‘வேரியபிள்’ (நிச்சயமில்லாத, கூடிக்குறையும் பகுதி) என்று ஒரு தொகை போட்டிருந்தால், போன வருடம் எத்தனை பேருக்கு அது முழுதாகக் கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. ஒரிஜினலைக் காட்டிவிட்டு, கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள். சரிபார்ப்புக்கு அது போதும். கொடுத்தே தீரவேண்டிய நிலை என்றால், சான்றிதழின் பெயர், வரிசை எண், கொடுத்த தேதி எல்லாம் எழுதி, கம்பெனி சீலோடு ஒப்புகை வாங்குங்கள். திருப்பித் தராமல் இழுத்தால் முதலில் ஸ்பீட் போஸ்டில் கடிதம், பிறகு போலீஸ் புகார். அந்த ஒப்புகைச் சீட்டு இருந்தால் ஸ்டேஷனில் பேச்சு சீக்கிரம் முடியும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்டால் அந்த வேலையே வேண்டாம். தொகையை அவர்களே நிரப்பி வங்கியில் போட்டு, திரும்பி வந்தால், செக் மோசடி வழக்கில் அலைய வேண்டியது நீங்கள்தான்.

இரண்டு வருட பாண்டு போட்டிருக்கிறேன். நடுவில் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டுமா?

பாண்டில் ஒரு லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே முழுத் தொகையும் அவர்களுக்குச் சேராது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்களை வெளியே அனுப்பிப் பயிற்சி கொடுத்து, அதற்குச் செலவழித்த ரசீது அவர்களிடம் இருந்தால் அவர்கள் பக்கம் வலு. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக் கொடுத்ததைப் பயிற்சி என்று காட்டுவது கஷ்டம். ‘விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது’ என்ற ஷரத்து 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் கஸ்டமர் பட்டியல், டிராயிங், சோர்ஸ் கோடு ஆகியவற்றை எடுத்துப்போவது வேறு விஷயம். அதில் வழக்கு நிற்கும்.

‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’ என்கிறார் முதலாளி. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இதில் உண்மையும் உண்டு. அப்பாவுக்கு ஆஞ்சியோ என்றால் எந்த ஃபாரமும் கேட்காமல் அரை மணி நேரத்தில் இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுப்பவரும், வீட்டு விசேஷத்துக்கு மொய்க் கவரோடு முதல் ஆளாக வந்து நிற்பவரும் சிறு கம்பெனி முதலாளிதான். பெரிய கம்பெனியில் இது கிடைக்காது. அதை மதிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், உதவியும் உரிமையும் ஒரே கணக்கில் எழுதப்படும்போது. ‘உங்க அப்பா ஆபரேஷனுக்கு நான் செய்யலையா?’ என்ற ஒரு வாக்கியத்தில் ஓவர்டைம், இன்கிரிமென்ட், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கரைந்துபோகும். இதைத் தவிர்க்க ஒரு வழி: அட்வான்ஸ் வாங்கும் அன்றே வவுச்சரில் தொகை, மாதப் பிடித்தம், முடியும் மாதம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 20,000 என்றால் மாதம் 2,500 வீதம் எட்டு மாதம். அப்படி எழுதிவிட்டால் அது கடன், எட்டு மாதத்தில் தீர்ந்துவிடும். எழுதாவிட்டால் தீராத நன்றிக்கடனாகவே இருக்கும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி.

சார் ஒன்று சொல்கிறார், மேடம் வேறொன்று சொல்கிறார், அவர்கள் மகன் வந்து மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். யார் சொல்வதைச் செய்வது?

சிறு கம்பெனிகளில் ஆட்கள் சோர்ந்துபோக இதுதான் பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. சம்பளம் குறைவு என்பதுகூட இதற்கு அடுத்தபடிதான். காலையில் ஒருவர் சொன்னதைச் செய்து முடித்தால், மாலையில் ‘யாரைக் கேட்டுச் செய்தாய்?’ என்று இன்னொருவர் சத்தம் போடுவார். சொன்னவர் பக்கத்திலேயே நின்றாலும் வாய் திறக்கமாட்டார்.

வாய்மொழி உத்தரவு வந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு மெசேஜ் போடும் பழக்கம் வேண்டும். இருவரும் இருக்கும் குரூப்பில், புகார்த் தொனி இல்லாமல், இப்படி:

‘சார், நீங்கள் சொன்னபடி ஈரோடு ஆர்டர் 40 பெட்டியை இன்று மதியம் லாரி ஷெட்டுக்கு அனுப்புகிறேன். மேடம் சொன்ன சேலம் ஆர்டர் நாளை காலை 11 மணிக்குப் போகும். மாற்ற வேண்டும் என்றால் 12 மணிக்குள் சொல்லுங்கள்.’

இதில் மூன்று விஷயம் இருக்கிறது: யார் சொன்னது, எது முதலில், மாற்றக் கடைசி நேரம் எது. ‘யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை’ என்று எழுதினால் சண்டை வரும். இப்படி எழுதினால் அவர்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். மாலை நேரச் சத்தம் கணிசமாகக் குறையும்.

எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். என்ன செய்வது?

அந்த நேரத்தில் பதில் பேசாதீர்கள். ஆள் சுற்றி நிற்கும்போது முதலாளி இறங்கி வரமாட்டார். அன்றோ மறுநாளோ தனியாகப் பார்த்து, ‘தப்பு என்றால் கூப்பிட்டுச் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். பசங்க முன்னாடி சொன்னா நாளைக்கு அவங்க நான் சொல்றதைக் கேட்கமாட்டாங்க’ என்று சொல்லுங்கள். வேலை கெடும் என்ற வாதம் அவர் காதில் ஏறும். மனசு கஷ்டப்படுகிறது என்பது பல முதலாளிகளிடம் ஏறாது. அது வருத்தமான உண்மை. சாதியைச் சொல்லியோ, குடும்பத்தை இழுத்தோ, கையை ஓங்கியோ பேசினால் இது பொருந்தாது. தேதி, நேரம், கூட இருந்தவர் யார் என்று அன்றே எழுதி வைத்துவிட்டு, புகாருக்கான வழியைப் பாருங்கள்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் வருகிறது.

முதல் மூன்று மாதத்தில் நீங்கள் எப்படிப் பழக்கப்படுத்துகிறீர்களோ அதுதான் நிலைக்கும். அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள். மெசேஜுக்குக் காலை ஒன்பது மணிக்குத் தவறாமல் பதில் போடுங்கள். காலையில் நிச்சயம் பதில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால், பெரும்பாலானவர்கள் இரவில் துரத்தமாட்டார்கள்.

லீவு, வேலை நேரம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

அலுவலகம், கடை என்றால் 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு சம்பளம். சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு 12 நாள், உடல்நலக் குறைவுக்கு 12 நாள், ஒரு வருடம் முடித்த பின் ஈட்டிய விடுப்பு 12 நாள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாளும் சேர்த்து வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. ‘எங்க கம்பெனியில் மாதம் ஒரு லீவுதான், மீதி எல்லாம் லாஸ் ஆஃப் பே’ என்பது பரவலான வழக்கம், சட்டம் அல்ல. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தமும் 2021-இல் வந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றவர்களின் கால்வலிக்குக் கிடைத்த பதில் அது.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போகிறது. எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். ஏன் தள்ளுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பொறுப்பதா வேண்டாமா என்று தெரியும். கஸ்டமர் 90 நாள் கடனில் சரக்கு எடுக்கிறார். ஆனால் ஐந்தாம் தேதி வங்கித் தவணை, இருபதாம் தேதி ஜி.எஸ்.டி., சரக்கு கொடுப்பவருக்குக் கையில் காசு. இதில் தள்ளிப்போட்டால் சத்தம் வராத ஒரே செலவு சம்பளம். ஒரு பெரிய பில் வராமல் ஒரு மாதம் மட்டும் தள்ளினால் அது இயல்பு. 7 என்பது 12 ஆகி, 20 ஆகி, பிறகு பாதிச் சம்பளம் என்று ஆனால் அந்தக் கம்பெனி உங்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் மாதம் எந்தத் தேதியில் வரும் என்று நேரில் கேளுங்கள். இரண்டாவது மாதம் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்த அன்று வேறு வேலை தேடத் தொடங்குங்கள், மூன்றுக்குக் காத்திருக்காதீர்கள். பாக்கி கூடக்கூட, ‘இவ்வளவையும் விட்டுவிட்டு எப்படிப் போவது’ என்ற எண்ணமே காலைக் கட்டும். தராமல் விட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அப்பாயின்மென்ட் ஆர்டர், வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவின் போட்டோ, வாட்ஸ்அப் மெசேஜ் நான்கும் கையில் வேண்டும். தொழிலாளர்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அழைப்பு எண் 15100.

பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் பாஸ்புக்கில் வரவில்லை.

உமாங் செயலியில் மாதம் ஒருமுறை பாஸ்புக் பாருங்கள். இரண்டு மாதம் வரவு இல்லை என்றால் முதலில் அக்கவுன்ட்ஸில் கேளுங்கள். ஆதார் பெயர்ப் பிழையால் நிற்பதும் உண்டு. அது காரணம் இல்லையென்றால் பி.எஃப். குறைதீர் தளத்தில், பே ஸ்லிப்பை இணைத்துப் புகார் போடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பே ஸ்லிப்பே தராத இடத்தில் இதை நிரூபிப்பது கடினம்; ஆகவே மாதாமாதம் பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிக்கு பி.எஃப். கட்டாயம்.

தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் இரண்டாயிரமும் கொடுத்தார்கள். இதுதான் போனஸா?

இருபது பேரோ அதற்கு மேலோ இருந்து, உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்து, வருடத்தில் 30 நாளாவது வேலை செய்திருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு. கம்பெனி நஷ்டத்தில் போனாலும் இது உண்டு. 7,000 ரூபாய் அடிப்படையில் போட்டாலே வருடத்துக்கு 6,997 வரும். இருபதுக்குக் குறைவு என்றால் முதலாளி மனசு.

பாலியல் தொல்லை என்றால் யாரிடம் போவது? இங்கே கமிட்டி எல்லாம் கிடையாது.

பத்துப் பேர் இருந்தாலே உள் புகார்க் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். நேரடியாகப் போலீஸுக்குப் போகவும் தடை இல்லை.

இன்கிரிமென்ட் எப்படிக் கேட்பது?

வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் என்று தொடங்காதீர்கள். ஒரே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: சேர்ந்தபோது என்ன வேலை, இப்போது கூடுதலாக என்ன பார்க்கிறேன், அதனால் என்ன மிச்சமானது அல்லது என்ன வந்தது. ‘பாக்கி வசூலையும் நான் பார்க்கத் தொடங்கியபின் 90 நாள் பாக்கி 14 லட்சத்திலிருந்து 6 லட்சமானது’ என்பது போன்ற ஒரு வரி போதும். மாதம் ஐந்திலிருந்து பத்து வரையும், இருபதாம் தேதியை ஒட்டியும் கேட்காதீர்கள். அப்போது அவர் தலையில் வேறு கணக்கு ஓடும். ‘பார்க்கலாம்’ என்றால் எந்த மாதம் பார்க்கலாம் என்று கேட்டு, அந்தத் தேதியை மெசேஜில் பதிவு செய்யுங்கள்.

விலகும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுங்கள். கடைசி நாள் எது என்று அதிலேயே எழுதுங்கள். கொடுப்பதற்கு முந்தின வாரமே பே ஸ்லிப்புகள், அப்பாயின்மென்ட் ஆர்டர், பாராட்டி வந்த மெயில்கள் ஆகியவற்றை உங்கள் சொந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கொடுத்த ஐந்தாம் நிமிடம் கம்பெனி மெயில் முடங்கிய கதைகள் நிறைய. ஒப்படைப்பைப் பட்டியலாக எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். புதிய சட்டத் தொகுப்புப்படி, சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி: கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். 15,000 சம்பளம், ஆறு வருடம் என்றால் 51,923 ரூபாய். நான்கு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் இருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இப்போது ஒரு வருடமே போதும்.

ரிலீவிங் லெட்டர் தர மறுக்கிறார்கள்.

புதிய கம்பெனியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ராஜினாமா மின்னஞ்சல், கடைசி மூன்று பே ஸ்லிப், பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி இருந்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பி.எஃப்.-இல் விலகிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிப் பணம் வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம்.

ஒரே நாளில் ‘நாளையிலிருந்து வராதே’ என்கிறார்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் அல்லது அதற்கான சம்பளமும் வேண்டும் என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. அவர்கள் எழுதித் தராவிட்டால் நீங்கள் எழுதுங்கள்: ‘இன்று மாலை நீங்கள் வாய்மொழியாக நாளை முதல் வர வேண்டாம் என்றீர்கள். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்.’ இதை அன்றிரவே அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால், ‘அவராகத்தான் வராமல் நின்றுவிட்டார்’ என்று மறுவாரம் சொல்வார்கள்.

நான் பதினைந்து பேரை வைத்துக் கம்பெனி நடத்துகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. எதை மாற்றுவது?

சம்பளத் தேதியை முதலில் மாற்றுங்கள். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். ஒரே நாளில் முடியாவிட்டால், வருகிற ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தைத் தள்ளிச் சேருங்கள். அடுத்தது, வீட்டு ஆட்கள் ஊழியருக்கு நேரடியாக வேலை சொல்வதை நிறுத்துவது. யார் சொன்னாலும் ஒருவர் வழியாகவே போகட்டும். அப்பாயின்மென்ட் ஆர்டர் எல்லோருக்கும் கொடுங்கள், இப்போது அது சட்டப்படியும் கட்டாயம். லீவு, பர்மிஷன், தாமதம், அட்வான்ஸ் நான்குக்கும் விதிகளை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் மைத்துனருக்கும் அதே விதிதான் என்பதை முதல் மாதமே அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.